இருபது நிமிடத் தூக்கம்

கூட்டமாக உட்கார்ந்து மணி வைத்து நாவல் எழுதலாம் என்று என் இளவயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அறுபதைத் தாண்டி, கணவர் போய் ஒரு வருடம் ஆன பிறகு சொன்னார்கள். சிரிக்கத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

சொன்னவன் என் கணவரின் பழைய மாணவன். சென்னையிலிருந்து இங்கே கனடாவுக்கு மேற்படிப்புக்கு வந்து, அவரிடம் ஆய்வு முடித்து, இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். எதையும் வேகமாகச் செய்தால் நன்றாகச் செய்ததாக ஆகிவிடும் என்று நம்புகிற பிள்ளை. நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் ஒரு சமூக நிலையத்தின் நிலவறையில் ஞாயிறு காலைகளுக்கு ஓர் அறை பிடித்திருந்தான். நான்கைந்து தமிழர்கள் லேப்டாப்பும் கையுமாக அங்கே கூடுவார்கள். அதற்கு அவன் வைத்த பெயர் ஸ்பிரின்ட். ஓட்டப் பந்தயமாம். முழங்கால் வலிக்காரியை ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவனுக்கு இல்லை.

விதிகளை முதல் நாளே ஒப்பித்தான். தொடங்குமுன் எந்தக் காட்சியை எழுதப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவன் போனில் இருபது நிமிடம் வைப்பான். மணி அடிக்கும்வரை விரல் நிற்கக் கூடாது. அழிக்கக் கூடாது, மேலே போய்ப் படித்துப் பார்க்கக் கூடாது. மணி அடித்ததும் எத்தனை சொல் என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். எழுதியதை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. எண் போதும்.

"ஒண்ணும் வரலைன்னா, ஒண்ணும் வரலைன்னே அடிங்க ஆன்ட்டி. மளிகை லிஸ்ட் அடிங்க. நிறுத்த மட்டும் கூடாது."

"மளிகை லிஸ்ட்ல என்னப்பா நாவல் வரும்?"

"குவான்டிட்டி வந்துட்டா குவாலிட்டி பின்னாடியே வந்துடும். சார் இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு. உங்க எழுத்துக்கு அவர் எவ்வளவு சப்போர்ட்."

நான் தலையாட்டினேன். செத்தவரைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்லும்போது மனைவி தலையாட்ட வேண்டும். அந்த ஒரு வருடத்தில் ஆட்டி ஆட்டிக் கழுத்தே சுளுக்கியிருந்தது.

என் கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வெகு காலம் முன்பு வந்து வீடு வாசல் என்று உட்கார்ந்துவிட்ட டாக்டர்கள், இன்ஜினியர்கள் நடுவே அவருக்குப் பெரிய பெயர். பொங்கல் விழாவில் அவர் பேச்சு இல்லாமல் இருக்காது. அப்படிப்பட்டவர் பெயரில் ஒரு புத்தகம் வர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். என் மகளும் முடிவு செய்தாள். இரண்டாம் வருட நினைவு நாளுக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு மண்டபமும் பேசிவைத்துவிட்டாள்.

"அப்பா மாதிரி ஒருத்தரை வச்சு நாவல் எழுதும்மா. நீதான் ரைட்டராச்சே" என்றாள்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சின்ன வயதில் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது, பிரெஞ்சும் இங்கிலீஷும் போதும், சனிக்கிழமை கணக்குப் போடட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே நான் எழுதுவதை மாணவன் இங்கிலீஷில் மாற்றி அவளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பெற்ற பெண் படிக்க முடியாத மொழியில்தான் அவள் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. சாவதற்குள் ஒரு நாவல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் பத்திரிகைகளில் சில கதைகள் வந்தன. அதன்பிறகு தொடங்கியவை நிறைய, முடித்தது ஒன்றுமில்லை. அவர்கள் கேட்கும் புத்தகத்தைச் சாக்காக வைத்தாவது ஒன்றை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. அதைத் தள்ளத்தான் அந்த நிலவறைக்குப் போனேன்.

முதல் ஞாயிறு. பனிக்காலணிகளைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு எல்லோரும் காலுறையோடு உட்கார்ந்திருந்தோம். மாணவன் செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதை எழுதுகிறான். சேர்த்து எழுத வேண்டிய சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதி எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வான். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் யாழ்ப்பாணத்துக்காரி, டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. அவள் எழுதியது கொலைக் கதை. மற்ற இரண்டு பேர் படிக்க வந்த பிள்ளைகள், வாரம் தவறி வாரம் வருவார்கள்.

நான் தட்டத் தொடங்கினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. மணி அடித்தது நினைவிருக்கிறது. அடித்ததும் நான் எழுந்துவிட்டேன். எழுந்தது மட்டுமில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டு அறைக் கதவுவரை நடந்தும்விட்டேன். அடுப்பு எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

"என்ன ஆன்ட்டி, காபியா?" என்றான் மாணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அசட்டுச் சிரிப்போடு நான் எதிரே இருந்த தெப்பனர் பெட்டிக்கடைக்குப் போய், எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் காபி வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோனேன். அதற்கடுத்த ஞாயிறு மணி அடித்ததும் ஃபிளாஸ்கைப் பார்த்துத் திரும்பின தலைகளை எண்ண வேண்டியதில்லை, எல்லாத் தலையும் திரும்பியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு கதவுவரை ஏன் நடந்தேன் என்பதை அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். என் கணவருக்கு விடுமுறை நாட்களில் மதியம் சாப்பிட்டதும் தூங்க வேண்டும். கொஞ்ச நேரம்தான், இருபது நிமிடம். அதற்கு மேல் தூங்கினால் தலை பாரமாம். சமையலறை டைமரை அவரே திருகி மேடைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். வீட்டில் ஒரு பாத்திரம் சத்தம் போடக் கூடாது. எனக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாததால் எழுதலாம். மணி அடித்ததும் அவர் கையில் காபி இருக்க வேண்டும். நான் எழுதியதெல்லாம் அந்த இருபது நிமிடங்களில்தான். வாக்கியத்தின் நடுவில் மணி அடிக்கும், பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். திரும்பி வரும்போது அந்த வாக்கியம் எனக்காகக் காத்திருந்ததே இல்லை.

ஆக, இந்தப் பிள்ளை கண்டுபிடித்த ஓட்டப் பந்தயத்தை நான் வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கிறேன். என்ன, எனக்குக் கைதட்ட ஆள் இல்லை.

பனி இறுகியிருந்த ஒரு ஞாயிறு. என் முறை வந்தபோது, "அவருடைய கடைசி மதியம்" என்று சொன்னேன். மாணவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர் ஆன்ட்டி. கோ" என்று போனைத் தட்டினான்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் தொடங்கினேன். போர்வையின் நிறத்தை எழுதினேன். அவர் கண் திறந்ததை எழுதினேன். மெல்ல உதட்டைப் பிரித்து அவர் என்னிடம் கேட்டார், "டைமர் வச்சியா?" அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொல். நாவலில் அது எப்படி இருக்கும்? வேறு ஏதாவது சொல்லவைக்க வேண்டும். என்ன சொல்லவைக்கலாம் என்று யோசிக்க விரல் நின்றது. மாணவன் நிமிர்ந்து பார்த்தான். நிற்கக் கூடாதே என்று விரலை ஓட்டினேன். ஓட்டின விரல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போய்விட்டது.

அது போன இடம் எங்கள் பழைய வீட்டுச் சமையலறை. ஒரு ஞாயிறு விருந்துக்கு மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, அவர் வழக்கம்போல மாடிக்குத் தூங்கப் போனார். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அப்போது ஒரு நாவல் நன்றாக வந்துகொண்டிருந்தது. மணி அடிக்குமுன்பே அவர் எழுந்துவந்து என் பின்னால் நின்றிருக்கிறார். தெரியவில்லை. தோளுக்கு மேலிருந்து கை வந்து தாள்களை எடுத்தது. முன்னறைக்குப் போய், நடுவில் நின்று, நாடகக் குரலில் படித்தார். 'அவளுக்குள் ஒரு கதவு மூடிக்கொண்டது' என்ற வரியை இரண்டு முறை படித்தார்.

"எந்தக் கதவு? கராஜ் கதவா?" என்றார்.

அறையே குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காபி கலந்தேன். அன்று இரைந்திருக்க வேண்டும், தட்டைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். சர்க்கரை யாருக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன். அந்த நாவலை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

இதைத்தான் நிலவறையில் தட்டினேன். அந்த அறையில் யார் யார் சிரித்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று ஒருவரை விடாமல் தட்டினேன். மணி அடித்தபோது அன்றைக்கு என் எண்தான் எல்லோரையும்விடப் பெரியது.

"பாத்தீங்களா? சார் உங்களை எழுத வைக்கிறாரு ஆன்ட்டி" என்றான் மாணவன். கைதட்டினார்கள். நான் எழுந்துபோய்க் காபி ஊற்றினேன்.

யாழ்ப்பாணத்துக்காரிக்கு ஞாயிறு மதியம் வேலை. போகும் வழியில் என்னை டோர்வலில் இறக்கிவிடுவாள், அங்கிருந்து எனக்கு ஒரே பஸ். அன்று கார் கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் அடிக்கேக்க அழுதியள்."

"கண்ல ஏதோ விழுந்துடுச்சு."

"ஓம். எனக்கும் அப்பிடி அடிக்கடி விழுகிறது." சிக்னலில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ர கதையில மனுசன் முதலாம் அத்தியாயத்திலயே செத்துப்போனார். அதாலதான் கதை ஓடுது. நீங்கள் உங்கட மனுசனை இன்னும் சாகவிடேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"அப்ப மகள் கேக்கற புத்தகம்?"

"அது பேந்து பாப்பம். இப்ப வாறதை எழுதுங்கோ."

எழுதினேன். வாரம் தவறாமல் 'ஆஸ்பத்திரிக் காட்சி', 'அவர் வகுப்பறையில்' என்று வாயால் ஒன்று சொல்லிவிட்டு, விரலால் வேறொன்றை எழுதினேன். ஞாயிறு போதாமல் வீட்டிலும் எழுதினேன். அந்த வீட்டில் இப்போது மத்தியானம் தூங்க யாரும் இல்லை. நல்ல கோபத்தில் எழுதியது, ஆனால் கோபம் மட்டும் இல்லை. அவர் எனக்குப் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, என் அம்மா செத்தபோது மூன்று இரவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதில் வந்தது. பெண் ஒருத்தி ஒரு மனிதரோடு இருந்து, அவரை வெறுத்து, அவருக்குக் காபி கலந்து, அவர் போனதும் வீட்டில் நிற்க இடம் தெரியாமல் அலைகிற கதை. மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டி, எட்டு, ஒன்பது என்று போனது. எனக்கு ஒரு நாவல் வந்துவிட்டது என்று தெரிந்தது.

கெட்டது எங்கே என்றால், மாணவனின் வரைபடத்தில். எங்கள் எண்கள் வாரா வாரம் ஏறுவதைக் கோடு போட்டுக் காட்டுவதற்காக, எல்லோருடைய கோப்புகளையும் இணையத்தில் ஒரே பொதுப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தான். யாரும் திறக்க மாட்டார்கள் என்றுதான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. கோடு சரசரவென்று ஏறியதைப் பார்த்து என் மகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு வந்துவிட்டதே, மொழிபெயர்க்கத் தொடங்கேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். ஏற்பாடுதானே. திறந்தான்.

அடுத்த ஞாயிறு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"படிச்சேன் ஆன்ட்டி. ஸ்பீடா அடிக்கும்போது சில சமயம் இந்த மாதிரி வந்துடும். ஃபர்ஸ்ட் டிராஃப்ட்தானே, கவலைப்படாதீங்க. எடிட்ல சரிபண்ணிடலாம்."

"எதைச் சரிபண்ணணும்?"

"சார் பேரு கெட்டுடும் ஆன்ட்டி." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு அவர் அப்படி இருந்ததில்ல."

உனக்கு அவர் காபி போட்டுக் கொடுத்திருப்பார் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் கண் கலங்கியிருந்ததால் விழுங்கிவிட்டேன். அதுதான் என் வியாதி.

"என் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"கேட்டாங்க. கொஞ்சம் படிச்சு சொன்னேன்."

மகள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். போனேன். பேரன் தொலைக்காட்சி முன்னால் பிரெஞ்சில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். மகள் அடுத்த நாள் கார்தெரி என்கிற மழலைப் பள்ளிக்கு அவனுக்குச் சாப்பாடு கட்ட காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்து, வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நல்லவர்தான், ஆனால் என்று தொடங்கலாம். எல்லா வீட்டிலும் இருப்பதுதான் என்று முடிக்கலாம்.

அவள் நிமிரவில்லை. "அதுல நான் சிரிக்கறேன்னு எழுதியிருக்கியாமே."

நறுக்கிய காரட்டை நான் டப்பாவில் அள்ளிப் போட்டேன்.

"அப்போ எனக்குப் பதினாறு வயசும்மா. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா."

"நீயும் சிரிச்சே."

"ஆமாம்மா, நானும் சிரிச்சேன்."

"அப்போ அதை எடுத்துடு." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படியே அவர் கண். "அப்பா பத்தி என்ன வேணா எழுது. அவர் இல்ல, படிக்க மாட்டாரு. நான் இருக்கேன்ல. என்னை எடுத்துடு, ப்ளீஸ்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வரி என்ன என்று சொல்லிவிடுகிறேன். அவர் கேலி எனக்குப் பழக்கம். அவர் கேலி செய்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி எழுத உட்காருவேன். எத்தனையோ முறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அன்று அவர் 'கராஜ் கதவா' என்றதும் முதலில் சிரித்தது அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் நான் எழுதுவதெல்லாம் என்றைக்காவது ஒரு நாள் அவளுக்காக என்று ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. அன்று அது போயிற்று. என்னை நிறுத்தியது அவள் சிரிப்புதான். அந்த வரியை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் அந்தப் பெண் ஏன் எழுதாமல் போனாள் என்பதற்குக் காரணமே இல்லை. மீதி எல்லாம் புருஷன்மேல் ஒரு கிழவியின் புலம்பல்.

அடுத்த ஞாயிறு என் முறை வந்தபோது, "இன்னைக்கு ஒரு வரியை எடுக்கப் போறேன்" என்றேன்.

"ஸ்பிரின்ட்ல அழிக்கக் கூடாது ஆன்ட்டி" என்றான் மாணவன்.

"தெரியும்பா. நீ மணியை வை."

வைத்தான். மற்றவர்கள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அந்த வரியைத் தேடி எடுத்து அதன் கடைசியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்துகூட அழிக்கவில்லை, ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. மணி அடித்தது. எனக்குச் சொல்ல எண் இல்லை. பூஜ்யத்துக்கு எப்படிக் கைதட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தலைகள் ஃபிளாஸ்க் பக்கம் திரும்பின. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்காரி எழுந்துபோய் ஊற்றினாள். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள்.

அன்று மாலை என் கோப்பைப் பொதுப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குமுன் மாணவன் தனக்கு வேண்டியதைப் பிரதி எடுத்துவைத்திருந்தான். ஆஸ்பத்திரி ஜன்னல், பனியில் கார், அம்மா செத்த மூன்று இரவு. அவற்றைத் துடைத்துக் கோத்து, கடைசி மதியத்தில் அவர் 'எழுது' என்று என்னிடம் சொல்வதாக ஒரு வரி சேர்த்து, ஒல்லியாக ஒரு புத்தகம் செய்தான். என்னைக் கேட்டான். சரி என்று தலையாட்டினேன். கழுத்துக்குப் பழக்கம். புவாண்ட்-கிளேர் மண்டபத்தில் என் பெயர் போட்ட அந்தப் புத்தகத்தை வெளியிட்டார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் என் எழுத்துக்கு எவ்வளவு துணையாக இருந்தார் என்று மூன்று பேர் பேசினார்கள். இன்றைக்கும் என் பெயரில் வந்திருக்கும் புத்தகம் அது ஒன்றுதான். அதில் நான் எழுதாத வரிதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

சால்வையோடு காரில் திரும்பும்போது மகள் கேட்டாள். "அந்த இன்னொண்ணுல என்னை எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேன்."

"நிஜமா?"

"வேணும்னா படிச்சுப் பாரு" என்றேன்.

அவள் சமாதானமாகி ரேடியோவைப் போட்டாள். அவளுக்குத்தான் படிக்க வராதே. வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாவலும் முடியப்போகிறது. பிரெஞ்சும் இங்கிலீஷும் போதும் என்று அன்றைக்கு அவர் சொன்னாரே, இத்தனை வருடத்தில் என் எழுத்துக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான்.